விண்ஃபார்ம்ஸில் படத்தை ஜூம் செய்ய, நாமே வரைவதுதான் வழி

விண்டோஸ் நிரல்களுக்குத் திரை அமைக்கும் டாட்நெட் கருவிதான் விண்ஃபார்ம்ஸ். அதில் படம் காட்டும் பிக்சர்பாக்ஸிலேயே ஜூம் என்று ஒன்று இருக்கிறதே, அது போதாதா என்றுதான் முதலில் தோன்றும். பெயர்தான் ஜூம், படத்தைப் பெட்டிக்குள் அடங்கும்படி பொருத்திக் காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. அடுத்து நான் செய்த தப்பு, மவுஸ் சக்கரம் உருளும்போதெல்லாம் பெரிய அளவில் புது பிட்மேப் (நினைவகத்தில் பிக்சல் பிக்சலாக வைக்கப்படும் படம்) உண்டாக்கியது. 6000க்கு 4000 பிக்சல் படம், பிக்சலுக்கு 4 பைட் வீதம், 96 எம்பி பிடிக்கும். நீளம், அகலம் இரண்டையும் 8 மடங்காக்கினால் நினைவகம் 64 மடங்கு, 6 ஜிபியைத் தாண்டிவிடும். அதற்கு முன்பே நிரல் படுத்துவிட்டது.

சரி, படத்தைத் தொடவே வேண்டாம். ஜூம் எவ்வளவு, படத்தின் இடது மேல் மூலை திரையில் எங்கே (இதை நகர்வு என்று வைத்துக்கொள்வோம்), இவை மட்டும் கையில் இருந்தால் போதும். கன்ட்ரோல் வகுப்பிலிருந்து சொந்தமாக ஒன்று எழுதி, டபுள்பஃபர்டை (மறைவில் முழுதாக வரைந்துவிட்டு ஒரேயடியாகக் காட்டும் அமைப்பு) ட்ரூ ஆக்குங்கள், இல்லாவிட்டால் படம் மினுக்கிக்கொண்டே இருக்கும். வரையும் வேலை நடக்கும் ஆன்பெயின்ட்டில் முதலில் நகர்வுக்கான ட்ரான்ஸ்லேட்ட்ரான்ஸ்ஃபார்ம், அப்புறம்தான் ஜூமுக்கான ஸ்கேல்ட்ரான்ஸ்ஃபார்ம். வரிசையை மாற்றினால் நகர்வும் ஜூமால் பெருக்கப்பட்டு படம் எங்கேயோ ஓடிவிடும்.

படத்தை வரையும் ட்ராஇமேஜுக்கு எக்ஸ், ஒய் மட்டும் கொடுத்து நிறுத்திவிடாதீர்கள். அப்படிக் கொடுத்தால் அது படத்தின் டிபிஐயை (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பதை) பார்த்து அளவை முடிவு செய்யும். 300 டிபிஐயில் ஸ்கேன் செய்த படம் 96 டிபிஐ திரையில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கி நிற்கும், நாம் ஜூம் கணக்கில் தப்பு தேடிக்கொண்டிருப்போம். அகலம், உயரத்தையும் பிக்சலில் சேர்த்தே கொடுங்கள்.

இப்போது முக்கியமான இடம். ஜூம் செய்யும்போது மவுஸ் முனைக்கு அடியில் இருக்கும் புள்ளி அசையக் கூடாது, இது சரியாக வந்தால்தான் கைக்கு இதமாக இருக்கும். ஜூமை மாற்றும் முன் அந்தப் புள்ளி படத்தில் எங்கே என்று பாருங்கள்:

படப்புள்ளி = (மவுஸ் − நகர்வு) ÷ பழைய ஜூம்

பிறகு:

புது நகர்வு = மவுஸ் − படப்புள்ளி × புது ஜூம்

நகர்வு 0, ஜூம் 1, மவுஸ் 400இல் இருக்கிறது, ஜூம் 1.25 ஆகிறது என்றால் புது நகர்வு 400 − 500, அதாவது −100. எக்ஸ், ஒய் இரண்டுக்கும் இதே கணக்குதான். முடிந்ததும், மறுபடி வரையச் சொல்லும் இன்வேலிடேட்டை அழைக்க வேண்டும்.

ஜூமைக் கூட்டாதீர்கள், பெருக்குங்கள். 0.1 கூட்டிக்கொண்டே போனால் சிறிய அளவில் படம் துள்ளும், பெரிய அளவில் ஜூம் மாறியதே தெரியாது. சக்கரத்தின் ஒரு படிக்கு டெல்டா (சக்கரம் உருண்ட அளவு) 120 வரும், ஆனால் சில டச்பேடுகள் அதைவிடச் சின்னச் சின்ன எண்களாக அனுப்பும். அதனால் 1.25ஐ டெல்டா ÷ 120.0 என்ற அடுக்குக்கு உயர்த்தி அதால் பெருக்குங்கள். அந்த .0ஐ விட்டால் முழு எண் வகுத்தலாகி 0 வந்து, டச்பேடில் ஒன்றுமே நடக்காது. 0.05க்குக் கீழேயும் 32க்கு மேலேயும் போகாமல் ஒரு வரம்பும் வைத்துவிடுங்கள்.

பெரிதாக்கும்போது பிக்சல்கள் கட்டம் கட்டமாகத் தெளிவாகத் தெரிய அளவு மாற்றும் முறையைச் சொல்லும் இன்டர்போலேஷன்மோடில் நியரஸ்ட்நெய்பர் வையுங்கள், கூடவே பிக்சல்ஆஃப்செட்மோடை ஹாஃப் ஆக்குங்கள், இல்லையென்றால் படம் அரை பிக்சல் தள்ளி நின்று ஓரம் வெட்டுப்படும். சுருக்கும்போது ஹைகுவாலிட்டிபைக்யூபிக் அழகாக இருக்கும், ஆனால் மெதுவானது. இழுத்து நகர்த்தும்போது மட்டும் தரத்தைக் குறைத்து, மவுஸை விட்டதும் நல்ல தரத்தில் ஒருமுறை வரைந்தால் யாருக்கும் தெரியாது.