கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு: ரோல்பிளேயிங் மேசையில் முதல் நாள்

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்றுச் சேர்ந்து கதையை நகர்த்தும் டேபிள்டாப் ரோல்பிளேயிங் விளையாட்டைப் பற்றிக் கேள்விப்படும் கூச்ச சுபாவிகள் பலரும் முதலில் கேட்பது, "நாலு பேர் முன்னால் நடிக்க வேண்டுமா?" என்பதுதான். வேண்டியதில்லை. ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் ஒரு சூழ்நிலையை விவரித்து, "இப்போது என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்பார், உங்கள் கதாபாத்திரம் என்ன செய்கிறது என்பதை நீங்கள் ஒரு வாக்கியத்தில் சொல்வீர்கள், அது பலிக்குமா என்ற சந்தேகம் எழுந்தால் பகடை முடிவு செய்யும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் தொடங்கி இன்றுவரை இந்த அடிப்படை பெரிதாக மாறவில்லை. கீழே வரும் விதிகளும் எண்களும் அந்த விளையாட்டின் ஐந்தாம் பதிப்பைச் சேர்ந்தவை.

படி 1: குழுவைத் தேர்ந்தெடுத்தல்

மாதக்கணக்கில் நீளும் தொடர்கதையில் நுழையாமல், மூன்று நான்கு மணி நேரத்தில் ஒரே அமர்வில் முடிந்துவிடும் ஆட்டத்தைத் தேடுங்கள். கேம் மாஸ்டரைத் தவிர மூன்று அல்லது நான்கு பேர் இருந்தால் போதும். பெரிய கூட்டத்தில் மறைந்துகொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் எட்டுப் பேர் உள்ள மேசையில் உங்கள் முறை வருவதற்குள் நெடுநேரம் ஆகிவிடும், அதற்குள் மௌனம் இறுகிப்போய் வாயைத் திறப்பதே பெரும்பாடாகிவிடும்.

ஆட்டத்துக்கு முந்தைய நாளே கேம் மாஸ்டருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்: "இது எனக்கு முதல் முறை. எளிதில் பேச வராது. நான் பேசாமல் இருந்தால், என் கதாபாத்திரம் என்ன செய்கிறது என்று நீங்களே கேட்டால் உதவியாக இருக்கும்." நேரில் சொல்லத் தயங்குவதை எழுத்தில் சொல்லிவிடுவது எளிது, கேம் மாஸ்டருக்கும் உங்களை எப்படி நடத்துவது என்பது தெரிந்துவிடும்.

படி 2: கதாபாத்திரம்

முன்பே தயாரித்த கதாபாத்திரம் இருந்தால் அதையே வாங்கிக்கொள்ளுங்கள். மந்திரவாதிக்கு மந்திரப் பட்டியலைப் படித்துத் தீர்மானிக்கும் வேலை உண்டு. போர்வீரனுக்கு அந்தச் சுமை குறைவு. கதாபாத்திரத்தின் விவரங்கள் அடங்கிய தாளான கேரக்டர் ஷீட்டில் நிறைய கட்டங்கள் இருந்தாலும் முதல் நாளில் ஆறு திறன்கள், அவற்றுக்கு அருகில் உள்ள கூட்டல் எண்கள், உயிர்ப்புள்ளிகள் (எவ்வளவு அடி தாங்கும்), கவச எண் (அதை அடிப்பது எவ்வளவு கடினம்) ஆகியவற்றைப் பார்த்தால் போதும்.

ஒரு தவறை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். கூச்சமுள்ளவர்கள் பெரும்பாலும் யாரோடும் ஒட்டாத, மூலையில் முக்காடிட்டு அமர்ந்திருக்கும் கதாபாத்திரத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். பேசாதவருக்குப் பேசாத கதாபாத்திரம் பொருத்தம் என்று தோன்றும். ஆனால் அதற்கு மற்றவர்களிடம் கேட்கவோ சொல்லவோ எதுவும் இருக்காது என்பதால், மூன்று மணி நேரமும் அந்த மூலையிலேயே கழிந்துவிடும். காணாமல்போன தம்பியைத் தேடுபவள், பார்த்ததையெல்லாம் விலை விசாரிக்கும் வணிகன் என்று, மற்றவர்களிடம் எதையாவது கேட்டாக வேண்டிய தேவை உள்ள ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். கேட்பதற்குக் கையில் ஒரு கேள்வி இருந்தால் கூச்சம் பாதி குறையும்.

படி 3: பகடைகள்

ஒரு தொகுப்பில் ஏழு பகடைகள் இருக்கும்: 4, 6, 8, 12, 20 முகங்கள் கொண்டவை ஒவ்வொன்று, பத்து முகங்கள் கொண்டவை இரண்டு. அதிகம் உருட்டப்படுவது 20 முகப் பகடை. நான் முதல் அமர்வில் 12 முகப் பகடையை 20 முகப் பகடை என்று நினைத்து மூன்று முறை உருட்டிவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் ஒன்றும் சொல்லாமல் சரியானதை என் பக்கம் நகர்த்தி வைத்தார். முக்கோண முகங்கள் உள்ளது 20, ஐங்கோண முகங்கள் உள்ளது 12 என்று நினைவில் வைத்தால் குழப்பம் வராது. 4 முகமும் 8 முகமும் கூட முக்கோணந்தான். ஆனால் அளவிலும் வடிவிலும் அவை பார்த்தவுடனே வேறுபட்டுத் தெரியும்.

படி 4: வாயைத் திறத்தல்

குரலை மாற்றிப் பேச வேண்டாம். "நான்" என்று சொல்லக்கூட வேண்டாம். உங்கள் கதாபாத்திரத்தின் பெயர் நிலா என்று வைத்துக்கொள்வோம். "நிலா அந்தக் காவலனை வாசலை விட்டு நகர்த்தப் பார்க்கிறாள், கிடங்கில் தீப்பிடித்துவிட்டதாகப் பொய் சொல்கிறாள்." நோக்கம் ஒன்று, வழி ஒன்று, ஒரு முறைக்கு இவ்வளவு போதும். நோக்கத்தைச் சொல்லாமல் "காவலனிடம் பேசுகிறேன்" என்று நிறுத்திவிட்டால், "என்ன பேசுகிறீர்கள்?" என்ற அடுத்த கேள்வி வரும், தடுமாற்றம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

இனி கணக்கு. நிலாவின் கவர்ச்சித் திறன் 16 என்றால் கூட்டல் எண் 3, பொய் சொல்வதில் பயிற்சி பெற்றவள் என்றால், முதல் நிலையில் மேலும் 2, மொத்தம் 5. நடுத்தரக் கடினத்துக்கான இலக்கு 15. பகடையில் விழும் எண்ணோடு அந்த 5-ஐக் கூட்டினால் இலக்கை எட்ட வேண்டும், எனவே 20 முகப் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். இருபது முகங்களில் பதினொன்று அவளுக்குச் சாதகம், அதாவது 55 சதவீத வாய்ப்பு. நீங்கள் எவ்வளவு திக்கித் திணறிச் சொன்னாலும் இந்த எண் மாறுவதில்லை. பொய் சொல்லும் சாமர்த்தியம் நிலாவிடம் இருந்தால் போதும்.

சண்டையில் என்ன செய்வது என்று புரியாவிட்டால், "பக்கத்தில் இருப்பவருக்கு உதவுகிறேன்" என்று சொல்லலாம். விதிப்படி அவர் இரண்டு 20 முகப் பகடைகளை உருட்டி, பெரிய எண்ணை எடுத்துக்கொள்வார்.

படி 5: வேண்டாதவற்றைச் சொல்லிவைத்தல்

எந்த விஷயம் கதையில் வரக் கூடாது என்பதைத் தொடக்கத்திலேயே பேசிக்கொள்ளும் வழக்கம் பல குழுக்களில் உண்டு. சில மேசைகளில் எக்ஸ் எழுதிய அட்டை ஒன்று நடுவில் இருக்கும். அதைத் தொட்டால், காரணம் கேட்காமல் அந்தக் காட்சியை மாற்றிவிடுவார்கள். அட்டை இல்லாத மேசையில், இடைவேளையில் கேம் மாஸ்டரிடம் தனியாகச் சொல்லலாம்.

படி 6: குறிப்பு எடுத்தல்

காகிதத்தின் ஓரத்தில் மற்ற கதாபாத்திரங்களின் பெயர்களை எழுதி வாருங்கள். கையில் ஒரு வேலை இருந்தால் கண்களை எங்கே வைப்பது என்ற தவிப்பு இருக்காது. ஆட்டம் முடிந்ததும் உடனே கிளம்பிவிடாமல், அந்தப் பெயர்களில் ஒன்றைப் பார்த்து, "உங்கள் பூசாரி அந்தப் பாலத்தை ஏன் எரித்தார்?" என்பது போல ஒன்றைக் கேளுங்கள். கேட்கப்பட்டவர் பெரும்பாலும் பத்து நிமிடம் பேசுவார். நீங்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.