1 செ.மீ. இடைவெளியில் ஆர்கான் பிளாஸ்மா சிமுலேஷன்: கட்டமும் காலப்படியும் முடிவு செய்வது எப்படி

எடுத்துக்கொள்ளும் அமைப்பு: இரண்டு தட்டை மின்முனைகள், நடுவே 1 செ.மீ., 50 பாஸ்கல் ஆர்கான், 300 கெல்வின், 13.56 மெகாஹெர்ட்ஸில் 200 வோல்ட் வீச்சு. இந்த அழுத்தத்தில் எலக்ட்ரான் மோதாமல் ஓடும் தூரமே ஏறக்குறைய 1 மி.மீ.; மின்முனையை ஒட்டிய ஷீத்தும் (எலக்ட்ரான் குறைந்து மின்புலம் வலுத்த அடுக்கு) மி.மீ. கணக்கில்தான் இருக்கும். அதனால் பிளாஸ்மாவைத் தொடர்ச்சியான பாய்மமாகக் கருதும் ஃப்ளூயிட் மாடலை நம்ப முடியாது. பார்ட்டிகிள்-இன்-செல் முறையோடு (துகள்களைத் தனித்தனியே நகர்த்தி, மின்புலத்தைக் கட்டங்களில் கணக்கிடும் முறை) மான்டே கார்லோ மோதல்களை, அதாவது சீரற்ற எண்களால் தீர்மானிக்கும் மோதல்களை, சேர்த்து எழுதுங்கள். இடத்துக்கு ஒரு பரிமாணம் போதும், வேகத்துக்கு மூன்றும் வேண்டும்.

அடர்த்தியை முதலில் ஊகித்துக்கொள்ளுங்கள்: கன மீட்டருக்கு 10¹⁶, எலக்ட்ரான் வெப்பநிலை 3 எலக்ட்ரான்வோல்ட். டிபை நீளம் (பிளாஸ்மா ஒரு மின்னூட்டத்தின் புலத்தை மறைத்துவிடும் தூரம்) 0.13 மி.மீ. வரும். கட்டம் அதில் பாதிக்குள் இருக்கவேண்டும். 200 கட்டங்கள் வைத்தால் ஒன்று 0.05 மி.மீ.

பெரும்பாலும் சறுக்குவது காலப்படியில். எலக்ட்ரான்களின் இயல்பான அலைவைப் பிடிக்கும் அளவுக்குப் படி சிறிதாக வேண்டும் என்ற பிளாஸ்மா அதிர்வெண் விதியை மட்டும் பார்த்தால் 35 பிகோவினாடி போதும் என்று தோன்றும். ஆனால் ஷீத் உந்தித் தள்ளிய 100 எலக்ட்ரான்வோல்ட் எலக்ட்ரான் வினாடிக்கு 5.9×10⁶ மீட்டர் பாய்கிறது. 35 பிகோவினாடியில் நான்கு கட்டங்களைத் தாண்டிவிடும். இடையிலுள்ள மின்புலம் அதற்குத் தெரியவே தெரியாது. மின்னழுத்தத்தின் ஒரு சுற்றுக்கு 10,000 படிகள் வையுங்கள். படி 7.4 பிகோவினாடி ஆகும், மோதல் நிகழ்தகவும் 0.05-க்குள் அடங்கும். அயனிகள் மெதுவானவை, பத்துப் படிக்கு ஒருமுறை நகர்த்தினால் போதும்.

தொடக்க அடர்த்தி 10¹⁵, எலக்ட்ரான், அயனி என வகைக்கு 20,000 துகள்கள் என்றால், ஒரு துகளின் எடை (அது குறிக்கும் உண்மைத் துகள்களின் எண்ணிக்கை) சதுர மீட்டருக்கு 5×10⁸. அடர்த்தி பத்து மடங்கு ஏறினால் துகள் எண்ணிக்கையும் அப்படியே ஏறும். நினைவகத்தை அதற்கேற்ப ஒதுக்குங்கள். துகள்களைக் குறைத்து நேரத்தை மிச்சம் பிடிக்கப் பார்த்தால் இரைச்சல் எலக்ட்ரான்களைப் பொய்யாகச் சூடாக்கும்.

மோதல் குறுக்குவெட்டுகளை (மோதலின் வாய்ப்பைக் காட்டும் பரப்பளவுகள்) எல்எக்ஸ்கேட் (LXCat) என்ற இணையத் தரவுத் தளத்திலிருந்து எடுக்கலாம். எலக்ட்ரானின் ஆற்றலிலிருந்து கிளர்வுக்கு 11.5, அயனியாக்கத்துக்கு 15.76 எலக்ட்ரான்வோல்ட் கழியவேண்டும். அயனிகளின் பின்சிதறலை (நடுநிலை அணுவோடு மோதி வேகம் இழப்பதை) விட்டுவிட்டால் மின்முனையில் விழும் அயனி ஆற்றல் கூடுதலாக வரும்.

துகள் எண்ணிக்கை சுற்றுக்குச் சுற்று மாறாமல் நின்ற பிறகே சராசரி எடுங்கள். கிடைத்த அடர்த்தியை வைத்து டிபை நீளத்தை மறுபடி கணக்கிடுங்கள். ஊகத்தைவிட அடர்த்தி பல மடங்கு கூடியிருந்தால் கட்டத்தைச் சிறிதாக்கி மீண்டும் ஓட்டவேண்டியதுதான்.

நிரலைச் சோதிக்க, டர்னர் குழு 2013-இல் வெளியிட்ட ஹீலியம் கணக்குகள் உண்டு. முதலாவது: 6.7 செ.மீ., 4 பாஸ்கல், 450 வோல்ட்; உச்ச அயனி அடர்த்தி ஏறத்தாழ 1.4×10¹⁴. பத்து சதவீதம் விலகினால், நிரலில் 'நல்' (null) மோதல் பகுதியைத் தேடுங்கள்; மொத்த மோதல் வீதத்தை மாறாமல் வைக்க வெற்று மோதல்களைச் சேர்க்கும் பகுதி அது. அங்கே உச்சம் எடுக்கவேண்டியது குறுக்குவெட்டுக்கு அல்ல, குறுக்குவெட்டையும் வேகத்தையும் பெருக்கிய மதிப்புக்கு.