கொத்து பெரிதானால் வாயு இன்னும் சூடாகுமா?

ஓரியன் நெபுலா என்ற வாயு மேகத்தின் நடுவில் ஒரு விண்மீன் கொத்து இருக்கிறது, அதன் வெளிச்சத்தில் சுற்றியுள்ள வாயு அயனியாகி, அதாவது அணுக்கள் எலக்ட்ரானை இழந்து, சூடாகிறது. இவ்வளவை யாரும் தப்பாகச் சொல்வதில்லை. எப்படிச் சூடாகிறது என்று விளக்க ஆரம்பித்ததும்தான் சறுக்கல்.

கொத்தில் உள்ள எல்லா விண்மீன்களும் சேர்ந்து செய்வதாக எழுதாதீர்கள். ஹைட்ரஜனிலிருந்து எலக்ட்ரானைப் பிய்க்க 13.6 எலக்ட்ரான்வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) வேண்டும், அதாவது 91.2 நானோமீட்டருக்கும் குறைந்த அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர். அங்கே ஆயிரக்கணக்கில் விண்மீன்கள் இருந்தாலும் பெரும்பகுதி வேலையைச் செய்வது தீட்டா-1 ஓரியானிஸ் சி என்ற ஒன்றுதான். வெறும் பிரகாசமும் போதாது. அதே ஓரியனில் இருக்கும் திருவாதிரை சூரியனைவிடப் பல்லாயிரம் மடங்கு ஒளிர்கிறது, ஆனால் மேற்பரப்பு சுமார் 3,500 கெல்வின்தான், அதனால் அயனியாக்கும் கதிர் அதனிடம் இல்லை என்றே சொல்லலாம்.

சரி, வெப்பம் எங்கிருந்து வருகிறது? 20 எலக்ட்ரான்வோல்ட் ஃபோட்டான் (ஒளித்துகள்) ஒன்று வந்தால் 13.6 டிக்கெட்டுக்குப் போக மீதிச் சில்லறை 6.4, அதை எலக்ட்ரான் தன் வேகமாக மாற்றிக்கொண்டு ஓடி மற்ற எலக்ட்ரான்களோடு மோதிப் பங்கு போட்டுக்கொள்கிறது. வாயுவின் சூடு என்பது இந்த மீதிதான்.

எனக்கு அதிகம் எரிச்சலூட்டுவது 'கொத்து பெரிதானால் வாயுவும் அதற்கேற்பக் கொதிக்கும்' என்ற கணக்கு. பெரிய மெகல்லன் மேகம் என்ற பக்கத்து விண்மீன் மண்டலத்தில் டரான்டுலா நெபுலா இருக்கிறது, அதன் நடுவில் உள்ள ஆர்136 கொத்துக்கு முன்னால் ஓரியன் கொத்து ஒன்றுமே இல்லை. ஆனால் இரண்டு இடத்திலும் அயனி வாயுவின் வெப்பநிலை ஏறக்குறைய 10,000 கெல்வின். ஏனென்றால் வாயு சூடாகச் சூடாக எலக்ட்ரான்கள் ஆக்சிஜன் அயனிகளை இன்னும் பலமாக மோதுகின்றன, ஆக்சிஜன் அந்த ஆற்றலை 500.7 நானோமீட்டர் பச்சை ஒளியாக வெளியே விட்டுவிடுகிறது, சூடு மேலே ஏறாமல் நின்றுவிடுகிறது. ஃபோட்டான்கள் கூடினால் மாறுவது அயனி வாயு பரவியிருக்கும் அகலம்: ஓரியனில் சுமார் 25 ஒளியாண்டு, டரான்டுலாவில் நூற்றுக்கணக்கில்.

படங்களில் தெரியும் சிவப்பைத் தணல் மாதிரி வெப்பத்தின் நிறம் என்று எடுத்துக்கொள்வதும் உண்டு. அது எலக்ட்ரான் மறுபடி ஹைட்ரஜனோடு சேர்ந்து படிப்படியாகக் கீழே இறங்கும்போது வரும் 656.3 நானோமீட்டர் ஒளி.

அப்புறம், 'பல லட்சம் டிகிரி' என்று எங்கோ படித்ததை இதோடு கலக்காதீர்கள். ஓரியனில் சுமார் 20 லட்சம் டிகிரி வாயுவை எக்ஸ்எம்எம்-நியூட்டன் தொலைநோக்கி பார்த்தது உண்மைதான், ஆனால் அதைச் சூடாக்கியது புற ஊதாக் கதிர் அல்ல, நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பாயும் விண்மீன் காற்று (விண்மீனிலிருந்து வீசும் துகள்கள்) மோதியதில் வந்த சூடு. அது எக்ஸ் கதிரில்தான் தெரியும். 10,000 என்பது ஆக்சிஜன் வெளிவிடும் ஒளியின் நிறமாலைக் கோடுகளிலிருந்து கிடைக்கும் எண். எதைச் சொல்கிறீர்கள் என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.