ஃபெடரரின் பேக்ஹேண்டை எட்டு வருடம் தள்ளிப் பார்ப்பது எப்படி

ஒரு டென்னிஸ் வீரரின் ஷாட் வருடக்கணக்கில் எப்படி மாறுகிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, ஒரே ஒரு ஷாட்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். சர்வ், ஃபோர்ஹேண்ட், வாலி என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கவனித்தால், கடைசியில் 'பிரமாதமாக ஆடினார்' என்பதைத் தவிர சொல்ல ஒன்றும் மிஞ்சாது. நான் பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களுக்குக் காட்ட நான் எப்போதும் எடுப்பது ரோஜர் ஃபெடரரின் ஒற்றைக்கை பேக்ஹேண்ட், அதாவது வலக்கைக்காரரான அவர் தன் இடது பக்கம் வரும் பந்தை ஒரே கையால் அடிப்பது. இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஷாட்டை முடிவு செய்த பிறகு, எந்த ஆட்டங்களைப் பார்ப்பது என்று யோசிக்க வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 2001 விம்பிள்டனில் அமெரிக்க வீரர் பீட் சாம்ப்ராஸை வென்ற 19 வயது ஃபெடரரையும், கடைசிக் காலத்து ஃபெடரரையும் அடுத்தடுத்து பார்த்தால் எல்லாமே வேறாகத்தான் தெரியும். தரை வேறு, எதிராளி வேறு, சர்வ் போட்டதும் வலைக்கு ஓடுகிற அந்தக் காலத்து ஆட்ட முறையே வேறு. எதனால் எது மாறியது என்று பிரித்துச் சொல்லவே முடியாது. முடிந்தவரை எல்லாம் ஒன்றாக இருக்கிற, வருடம் மட்டும் தள்ளியிருக்கிற இரண்டு ஆட்டங்களைத் தேடுங்கள்.

அப்படி ஒரு ஜோடி அமைந்திருக்கிறது. 2009, 2017 ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதி ஆட்டங்கள். இரண்டிலும் எதிரே ரஃபேல் நடால். அதே ராட் லேவர் அரீனா, அதே நீலத் தரை, இரவு நேரம், ஐந்து செட். நடால் இரண்டு முறையும் அரையிறுதியில் ஐந்து செட் போராடிவிட்டுத்தான் வந்தார். 2009-இல் கடைசி செட்டை 6-2 என்று நடால் எடுத்தார். 2017-இல் கடைசி செட்டில் 1-3 என்று பின்தங்கிய ஃபெடரர் 6-3 என்று முடித்தார். முழு ஆட்டத்துக்கும் நேரம் இல்லையென்றால் இந்த இரண்டு ஐந்தாவது செட்களை மட்டுமாவது பாருங்கள். ஹைலைட்ஸ் வேண்டாம். அதில் வெற்றி ஷாட்கள்தான் இருக்கும். நமக்கு வேண்டியது சாதாரண ஷாட்.

நடால் ஏன் முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இடக்கைக்காரர். அவர் தன் இடக்கைப் பக்கத்திலிருந்து குறுக்காக அடிக்கும் ஃபோர்ஹேண்ட் நேராக ஃபெடரரின் பேக்ஹேண்டுக்குப் போகும். அதிலுள்ள டாப்ஸ்பின்னால், அதாவது முன்னோக்கிய சுழற்சியால், பந்து தோள் உயரத்துக்கு எகிறும். ஒற்றைக்கையில் அந்த உயரத்தில் அழுத்தி அடிப்பது மிகவும் கஷ்டம். பாரிஸ் களிமண்ணில் இன்னும் மோசம். 2007 பிரெஞ்சு ஓப்பன் இறுதியில் ஃபெடரருக்குக் கிடைத்த 17 பிரேக் பாயிண்ட்களில் (எதிராளி சர்வ் போடும் கேமைப் பறிக்கும் வாய்ப்புகளில்) ஒன்றுதான் தேறியது. அந்த ஆட்டத்தைப் பார்த்தால் எனக்கு இன்றும் மனசு பதைக்கும்.

சரி, வீடியோவை ஓடவிடுங்கள். டிவி கேமரா கோர்ட்டின் ஒரு முனைக்குப் பின்னால், உயரத்தில் இருக்கும். தூர முனையில் நிற்பவர் பேஸ்லைனிலிருந்து (கோர்ட்டின் பின்கோட்டிலிருந்து) எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்பது அதில் சரியாகப் பிடிபடாது. அதனால் ஃபெடரர் நமக்கு அருகில் இருக்கும் கேம்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நடால் அடித்த பந்து ஃபெடரரின் பேக்ஹேண்ட் பக்கம் தரையில் படும் நொடியில் நிறுத்துங்கள். ராக்கெட்டைப் பார்க்காமல் பாதத்தைப் பாருங்கள். பேஸ்லைனுக்கும் அவருடைய வலது காலுக்கும் எவ்வளவு இடைவெளி? அப்புறம் மெதுவாக நகர்த்தி, பந்து ராக்கெட்டில் படும்போது அது இடுப்பளவா, மார்பளவா, தோளளவா என்று பாருங்கள். அடித்து முடித்ததும் உடல் முன்னால் போகிறதா, பின்னால் சாய்கிறதா? ஒவ்வொரு பேக்ஹேண்டுக்கும் ஒரு வரி, நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். சத்தத்தைக் குறைத்துவிடுவது நல்லது, வர்ணனையாளர் சொல்வதையே நம் கண்ணும் பார்க்க ஆரம்பித்துவிடும்.

2009-இல் பந்து உயரமாக எகிறும்போது ஃபெடரர் ஒரு அடி பின்னால் வைப்பதையோ, ஸ்லைஸ் செய்து, அதாவது பந்தின் அடியைச் சீவி மெதுவாக அனுப்பி, ஆட்டத்தைத் திரும்பத் தொடங்குவதையோ அடிக்கடி காண்பீர்கள். 2017-இல் அவர் பேஸ்லைனை விட்டுப் பின்னால் நகர்வதே அரிது. பந்து எகிறி வரும் வழியிலேயே, தோளுக்கு ஏறுவதற்கு முன்பே அடித்துவிடுகிறார். நடாலின் சர்வ் இடது பக்கக் கட்டத்தில் வெளியே வளைந்து போகும்போதும் அப்படித்தான். முன்பு தட்டித் திருப்பிய பந்துகளில் பலவற்றை இப்போது முழு வீச்சில் அடிக்கிறார். கடைசி செட் 4-3-இல் 26 ஷாட் ஓடிய ஒரு ராலி இருக்கிறது. அதை ஃபோர்ஹேண்டில்தான் முடித்தார். ஆனாலும் அந்த ராலி முழுக்க அவர் எங்கே நிற்கிறார் என்பதைத் திரும்பத் திரும்பப் பாருங்கள்.

கையசைவு பெரிதாக மாறவில்லை. மாறியது நிற்கும் இடமும், அங்கிருந்து அடிக்கத் துணிவதும்தான். இதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிக்க வேண்டும். நான் முன்கூட்டிச் சொல்வதில்லை.

அடுத்து, ஏன் மாறியது என்று தேடுங்கள். எல்லோரும் முதலில் ராக்கெட்டைச் சொல்வார்கள். உண்மைதான். 2009-இல் அவர் ராக்கெட்டின் தலை, அதாவது நரம்பு கட்டிய பகுதி, 90 சதுர அங்குலம், 2017-இல் 97. தலை பெரிதானால், பந்து நடுவில் படாதபோதும் ஓரளவு வேகம் கிடைக்கும். முன்கூட்டி அடிக்கிறவருக்கு அது பெரிய துணை. ஆனால் ராக்கெட்டோடு நிறுத்திவிடாதீர்கள். 2014 ஆஸ்திரேலிய ஓப்பன் அரையிறுதிக்கே பெரிய தலை ராக்கெட்டோடுதான் வந்தார். நடாலிடம் நேர் செட்களில் தோற்றார். 2015-இல், சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரில் நடந்த போட்டியின் இறுதியில்தான் நடாலை வென்றார்.

ஆக, கருவி வந்த பிறகும் அதை நம்பி ஆட வருடங்கள் பிடித்தன. 2014, 2015-இல் பயிற்சியாளராக இருந்த ஸ்டெஃபான் எட்பெர்க் அவரை முன்னே வரத் தூண்டினார். 2016-இல் வந்த இவான் லூபிசிச் தானே ஒற்றைக்கை பேக்ஹேண்ட்காரர். அதே வருடம் ஃபெடரருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை, விம்பிள்டனுக்குப் பிறகு ஆறு மாத ஓய்வு. 35 வயதில் நீண்ட ராலிகளில் நடாலோடு ஓடிக்கொண்டிருக்க முடியாது, புள்ளியைச் சுருக்கியாக வேண்டும். என் கணிப்பில், அந்த பேக்ஹேண்டுக்குத் துணிச்சல் கொடுத்ததில் வயதுக்குத்தான் பெரும்பங்கு. வயதானால் ஷாட் தேயும் என்று நினைக்கிறவர்கள் இந்த ஆட்டத்தை அவசியம் பார்க்க வேண்டும்.

இது பழகிவிட்டால் அடுத்ததாக நடாலின் சர்வை எடுங்கள். 2010 யு.எஸ். ஓப்பனில் பிடியைச் சற்றே மாற்றி, மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டி அடித்துப் பட்டம் வென்றார். அதற்கு ஜோடியாக 2009 யு.எஸ். ஓப்பன் அரையிறுதியை எடுக்காதீர்கள். அப்போது வயிற்றுத் தசைக் காயத்தோடு ஆடினார், சர்வ் மெதுவாக இருந்ததற்கு அதுவும் காரணம். 2008 அரையிறுதியை எடுங்கள், எதிரே ஆன்டி மரே. அங்கே பாதத்தை விட்டுவிட்டு, பந்தை எவ்வளவு முன்னால் தூக்கிப் போடுகிறார் என்பதிலிருந்து தொடங்குங்கள்.