ஸ்டெம் செல் ஆய்வுக்கு ஸ்கேன்பை: வேர் செல்லைத் தவறவிடாமல் பிடிப்பது எப்படி

ஒவ்வொரு செல்லிலும் ஜீன்கள் எவ்வளவு இயங்குகின்றன என்ற தரவை வைத்து, எது இளம் செல், எது முதிர்ந்த செல் என்று வரிசைப்படுத்த உதவும் பைத்தான் நிரல்தொகுப்புதான் ஸ்கேன்பை. அந்த வரிசை தொடங்கும் செல்தான் வேர் செல். பைத்தான் கொஞ்சம் தெரிந்தால் போதும். பாளையங்கோட்டையில் என்னிடம் இருக்கும் 4 ஜிபி லேப்டாப்போடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், பேசாமல் உலாவியிலேயே பைத்தான் ஓட்டும் கூகுள் கோலாபில் செய்யுங்கள். ஆர் மொழியிலும் கருவிகள் உண்டு. எனக்கு ஸ்கேன்பைதான் கைக்கு வாகு.

அதை நிறுவியதும் கூடவே கிடைக்கும் 'பால்15' தரவை இறக்குங்கள். 2015-இல் வெளியான ஆய்வு அது. எலியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து 2730 செல்கள், ஒவ்வொன்றிலும் எந்த ஜீன் எவ்வளவு இயங்குகிறது என்ற கணக்கு. கறாராகப் பார்த்தால் இவை ஸ்டெம் செல்லுக்கு அடுத்த படியில் நிற்கும் முன்னோடி செல்கள். பழக இது போதும்.

அப்புறம் வழக்கம்போல நார்மலைஸ் (செல்களின் மொத்தக் கணக்கைச் சமப்படுத்துவது), லாக் (மடக்கை எடுப்பது), பிசிஏ (ஜீன்களைச் சில முக்கிய அச்சுகளாகச் சுருக்குவது), நெய்பர்ஸ் (ஒவ்வொரு செல்லையும் அதை ஒத்த அண்டை செல்களோடு இணைப்பது), டிஃப்மேப் (அந்த இணைப்புகளின் வழியே செல்களின் நெருக்கத்தைக் கணக்கிடுவது). கடைசியாக டிபிடி (டிஃப்யூஷன் சூடோடைம்). ஒவ்வொரு செல்லும் எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்று அது 0 முதல் 1 வரை மதிப்பெண் போடும். இதுதான் சூடோடைம்.

இங்கேதான் இரண்டு நாள் மாட்டிக்கொண்டேன். தொடக்கம் எது என்று டிபிடிக்குத் தெரியாது. 'ஐரூட்' என்ற இடத்தில் வேர் செல்லின் வரிசை எண்ணை நாம் கொடுக்க வேண்டும். பால்15-இல் அது முன்பே இருக்கும். நான் அதிகப்பிரசங்கித்தனமாக மாற்றப்போய், நியூட்ரோஃபில் (ஒரு வகை வெள்ளையணு) ஆகப்போகும் பக்கத்துச் செல் ஒன்றைக் கொடுத்துவிட்டேன். பிழைச் செய்தி எதுவும் இல்லை. படம் ஊதாவிலிருந்து (குறைவு) மஞ்சள்வரை (அதிகம்) அழகாக வந்தது. தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில் பிறந்து பொதிகை மலைக்கு ஏறுவதாக வரைந்த படம் அது!

கண்டுபிடிக்கச் சுலபமான வழி: சூடோடைம் படத்துக்குப் பக்கத்தில் 'ஹெச்பிஏ-ஏ2', 'இலேன்' இரண்டு ஜீன்களின் படத்தையும் போடுங்கள். முன்னது சிவப்பணுவாக முதிரும் செல்களின் பாதையில் ஏறும், பின்னது நியூட்ரோஃபிலாக முதிரும் செல்களின் பாதையில். தொடக்கத்தில் இரண்டுமே அடங்கியிருக்க வேண்டும். என் படத்தில் 0 இருந்த இடத்திலேயே இலேன் மஞ்சளாக எரிந்தது. சுத்தமல்லி அணைக்கட்டில் நெல்லைக் கால்வாய் பிரிகிறதே, அதுபோலப் பாதைகள் பிரிவதற்கு முந்தைய இடத்தில் ஒரு செல்லை எடுங்கள். அக்கம்பக்கத்துச் செல்கள் இரண்டு மூன்றையும் கொடுத்துப் பாருங்கள். வரிசை பெரிதாக ஆடக் கூடாது.

பின்சேர்க்கை: படம் முழுக்க ஒரே நிறமாக வருகிறது என்று அம்பாசமுத்திரத்துத் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். வேரோடு தொடர்பே இல்லாத செல்களுக்கு முடிவிலி மதிப்பு விழும், அதுதான் காரணம். நெய்பர்ஸ் எண்ணை (ஒரு செல்லுக்கு எத்தனை அண்டை செல்கள் என்பதை) 15-லிருந்து 30 ஆக்கிப் பார்க்கலாம். ஆனால் செல் கூட்டங்களுக்கு நடுவே இல்லாத பாலம் முளைத்துவிடும் என்பதால், நானாக இருந்தால் தொடர்பில்லாத அந்தச் செல் கூட்டத்தையே நீக்கிவிடுவேன். நீக்கினால் வரிசை எண்கள் மாறிவிடும், ஐரூட் தானாக மாறாது. அதையும் புதிதாகக் கொடுத்துவிட்டு, நெய்பர்ஸிலிருந்து மறுபடி ஓட்டுங்கள்.