மூடினாலும் திரும்ப வரும் விளம்பரங்கள்

கேட்காமலே திறந்துகொள்ளும் பாப்-அப் சாளரங்களைக் குரோம் உலாவி இயல்பாகவே தடுக்கிறது. அப்படியிருந்தும் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் விளம்பரங்கள் ஓயாமல் வந்து விழுகின்றன என்றால், என்றோ ஒரு தளம் அறிவிப்புகளை அனுப்பலாமா என்று கேட்டபோது நாம் யோசிக்காமல் ‘அனுமதி’ என்பதைத் தொட்டதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். மேல் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, அமைப்புகள், தள அமைப்புகள், அறிவிப்புகள் என வரிசையாகச் சென்றால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் தெரியும். அறிமுகமில்லாத ஒவ்வொன்றையும் அங்கேயே தடுத்துவிடுங்கள். தள அமைப்புகளில் பாப்-அப்களுக்கான அனுமதியும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ‘உங்கள் போனில் வைரஸ் உள்ளது’ என்று மிரட்டும் சாளரத்தின் பெருக்கல் குறியைக்கூடத் தயவுசெய்து தொடாதீர்கள். அதுவும் விளம்பரத்தின் இணைப்பாக இருக்கக்கூடும் என்பதால், அந்தத் தாவலையே மூடிவிடுவதுதான் பாதுகாப்பு. வங்கித் தளங்கள் சில வேளை உண்மையாகவே புதிய சாளரம் திறக்கும்; அவற்றுக்கு மட்டும் தனியாக அனுமதி அளிக்கலாம்.