பிரேக் பிடித்தால் சார்ஜ் ஏறும் சைக்கிள்: எங்கே தவறு நடக்கிறது?

ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின் ஸ்கூட்டர் ஆலைகள் இருப்பதாலோ என்னவோ, நம் பக்கத்தில் சைக்கிளுக்கு மோட்டார் பொருத்துகிறவர்கள் ரீஜெனுக்கும், அதாவது பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகிப் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவதற்கும், ஸ்கூட்டர் கணக்கையே போடுகிறார்கள். வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு. சைக்கிளுக்கோ எடையும் குறைவு, வேகமும் குறைவு. ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ, வேகம் 25 கி.மீ. என்றால், முழுதாக நிறுத்தும்போது மிஞ்சிப்போனால் 0.67 வாட்-மணி. 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரியின் கொள்ளளவு 360 வாட்-மணி. தர்மபுரி நாலு ரோட்டில் நாளெல்லாம் நின்று நின்று போனாலும் பெரிதாக ஒன்றும் ஏறாது.

அதே எடையோடு வத்தல்மலையிலிருந்து 500 மீட்டர் உயரம் இறங்கினால் கணக்கு 136 வாட்-மணி. காற்று, டயர், மோட்டார் சூடு எல்லாம் போக பாதி கிடைத்தாலும் லாபம்தான். ஆகவே இறக்கத்தை மனதில் வைத்து வடிவமையுங்கள்.

மோட்டார் வாங்கும்போதே பலர் கோட்டை விடுகிறார்கள். விலை குறைவு, எடை குறைவு என்று வாங்கும் கியர் ஹப் மோட்டார்களில் (சக்கரத்தின் நடுவில், உள்ளே பல்சக்கரங்களோடு இருப்பவை) பெரும்பாலும் ஒருவழி கிளட்ச் இருக்கும். இறக்கத்தில் சக்கரம் மோட்டாரைச் சுழற்றாது. பெடல் பக்கம் மோட்டார் வைத்தாலும் பின்சக்கர ஃப்ரீவீல் அதைத் தடுத்துவிடும். பல்சக்கரம் இல்லாமல் சக்கரத்தோடு நேராகச் சுழலும் டைரக்ட் டிரைவ் ஹப்தான் சரி. கனம் அதிகம், சார்ஜ் தீர்ந்து மிதிக்கும்போது இழுக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆபத்தான தவறு பேட்டரியில். மலை மேலே ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டுவிட்டுக் காலையில் இறங்கினால், 42 வோல்ட்டில் நிரம்பிய பேட்டரி கரண்ட்டை எங்கே வாங்கும்? பேட்டரியைக் காக்கும் சர்க்யூட்டான பிஎம்எஸ் துண்டிக்கும், மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலரில் வோல்ட்டேஜ் எகிறும், அதைவிட மோசம், வளைவில் மோட்டார் பிரேக் திடீரென்று காணாமல் போகும். மேலிருந்து கிளம்பினால் 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சார்ஜுக்குத் தனி ஒயர் உள்ள பிஎம்எஸ்ஸில் இன்னொரு சிக்கல்: ரீஜென் கரண்ட் மோட்டார் ஒயர் வழியாகவே திரும்பி வருவதால் அதிக சார்ஜைத் தடுக்கும் பாதுகாப்பு வேலை செய்யாது. சார்ஜ் ஏறுவதற்கும் மோட்டாருக்குப் போவதற்கும் ஒரே வழி உள்ளதாக வாங்குங்கள். செங்குத்தான இறக்கத்தில் 6, 7 ஆம்பியர் திரும்பி வரலாம். வீட்டு சார்ஜர் பெரும்பாலும் 2 ஆம்பியர்தான். பேட்டரி செல்லின் டேட்டா ஷீட்டைப் பார்த்து கன்ட்ரோலரில் வரம்பு வையுங்கள்.

ஆக்சிலைப் பலர் கவனிப்பதே இல்லை. ஏறும்போது ஒரு பக்கம், ரீஜெனில் எதிர்ப்பக்கம் என்று முறுக்கு மாறிமாறி விழுவதால் நட்டு தளரும். ஆக்சில் சுழன்றால் ஒயர் அறுந்துவிடும். ஆக்சில் சுழலாமல் பிரேமோடு பிடித்துக்கொள்ளும் டார்க் ஆர்மை இருபுறமும் போடுங்கள்.

அப்புறம், ரீஜென் இருக்கிறதே என்று ஒரு பிரேக்கைக் கழற்றிவிடாதீர்கள். வேகம் குறையக் குறைய மோட்டாரின் பிடி தளரும். வண்டியை நிறுத்துவது பிரேக் கட்டைதான்.

மோட்டாரை 250 வாட்டுக்குள், வேகத்தை 25 கி.மீ.க்குள் வையுங்கள். தாண்டினால் சட்டத்தின் கண்ணில் அது மோட்டார் வாகனம்; பதிவு, லைசென்ஸ் எல்லாம் கேட்பார்கள்.